பெட்டிச் செய்தியிலிருந்தும் ஒரு கேள்வி கேளுங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடத்துக்கு வினாத்தாள் அமைக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். வரலாற்றுப் பிரிவு. “ஏனம்மா, மார்க் குறைந்துவிட்டதா?” என்று நீங்களாவது கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கல்யாண வீடுகளில் பந்திக்கு இலை போடுவதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள். மார்க் இருந்தது. விரும்பித்தான் எடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் பண்டைய நாகரிகங்கள் பாடம் நடந்தபோதே முடிவு செய்ததுதான்.

என் மனக்குறை பாடநூலைப் பற்றியது அல்ல. புத்தகம் நன்றாகவே இருக்கிறது. வரைபடங்கள், புகைப்படங்கள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் போட்ட பெட்டிச் செய்திகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். சிக்கல் அந்தப் பெட்டியில்தான் தொடங்குகிறது. பெட்டிக்குள் இருப்பது தேர்வுக்கு வராது என்பது கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும். டியூஷனில் முக்கியமான வரிகளுக்குப் பென்சிலால் கோடு போடச் சொல்லும்போது பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நோட்ஸில் பெட்டியே கிடையாது. ஒரு நாகரிகம் இருந்தது என்பது எப்படித் தெரியவந்தது, எதை வைத்து அதன் காலத்தைச் சொன்னார்கள், முதலில் சொன்னது பிறகு ஏன் மாறியது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வெளியே இருப்பவை முடிவுகள். நீங்கள் முடிவுகளைக் கேட்கிறீர்கள், நாங்கள் முடிவுகளை எழுதுகிறோம், மதிப்பெண் வந்துவிடுகிறது.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பழைய பாபிலோன் மன்னன் ஹமுராபியின் தொகுப்பில் எத்தனை சட்டங்கள்? 282. ஒரு மதிப்பெண். அந்தச் சட்டங்கள் பொறித்த கறுப்புக் கல்தூண் 1901-இல் கிடைத்தது. கிடைத்த இடம் பாபிலோன் இல்லை, ஈரானில் உள்ள சூசா. ஈலம் நாட்டு மன்னன் ஒருவன் போர்க் கொள்ளையாக அதை அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். கொண்டுபோனதோடு விடாமல் தூணின் கீழ்ப்பகுதியில் சில பத்திகளைச் செதுக்கி அழித்தும் இருக்கிறார்கள். முதலில் அதை மொழிபெயர்த்த ஷெய்ல் என்ற பிரெஞ்சு அறிஞர், அழிந்த இடத்தில் சுமார் 35 சட்டங்கள் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அவற்றுக்கும் எண்களை ஒதுக்கினார். அப்படி எண்ணிக்கொண்டு போனால் கடைசிச் சட்டத்தின் எண் 282. கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் எழுதும் அந்த எண்ணுக்குள்ளேயே ஓர் ஊகம் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஹமுராபியின் மேல் மரியாதை குறையவில்லை. பாடத்தின் மேல் ஆசை கூடியது. கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது: எத்தனை சட்டங்கள்?

புகார் எழுதுகிறாளே இந்தப் பெண் என்று நினைக்காதீர்கள். முன்னோடிகள் இருக்கிறார்கள். இன்றைக்குச் சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் நன்னி என்ற ஒருவர், மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) ‘ஊர்’ என்றே பெயருள்ள நகரத்தில் செம்பு விற்ற ஏயா-நாசிர் என்ற வணிகருக்கு ஒரு களிமண் பலகையில் எழுதிய புகார் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமான சரக்கைக் காட்டினாய், என் ஆளை அவமதித்து அனுப்பினாய், அதுவும் பகைவர் நாட்டு வழியாக வெறுங்கையோடு திரும்ப வைத்தாய், இனிமேல் என் முற்றத்தில் நானே பொறுக்கி எடுத்துத்தான் வாங்குவேன் என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். மெசபடோமியாவின் சிறப்புகளை ஐந்து மதிப்பெண்ணுக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். அங்கே கோபப்படும் மனிதர்களும் இருந்தார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. சுமேரியப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. தாமதமாக வந்ததற்கு அடி, பேசியதற்கு அடி, கையெழுத்து சரியில்லை என்று அடி என்று நாள் முழுக்க அடி வாங்கும் மாணவன், அப்பாவிடம் சொல்லி ஆசிரியரை வீட்டுக்கு வரவழைக்கிறான். விருந்து, புதுத்துணி, விரலுக்கு மோதிரம். அதன்பின் ஆசிரியர் வாயில் அவனைப் பற்றிப் புகழ்மொழிதான். (இதை எங்கள் டீச்சரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, மோதிரம் வேண்டாம், ரெக்கார்டு நோட்டை முடித்துக் கொண்டுவா என்றார்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வருவதற்குச் சாட்சி தேடி சூசாவுக்கோ சுமேரியாவுக்கோ போக வேண்டியதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் போதும். கன்னியக்கோயிலில் எல்லையைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். நான் சொல்வது அதையும் தாண்டி, அரியாங்குப்பத்தில் இறங்கி ஆற்றோரம் போனால் வரும் அரிக்கமேட்டை.

1937 வாக்கில் புதுச்சேரியில் இருந்த ழுவோ-துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், அந்த ஊர்ச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளையும் உருவம் செதுக்கிய கல் ஒன்றையும் வாங்கிப் பார்த்துத்தான் அந்த இடத்தின் அருமையை உணர்ந்தார். கல்லில் இருந்தது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதினார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றைத் திறந்தபோது, அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஜாடியின் கழுத்தும் கைப்பிடியும் கையில் பட்டன. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் ஒலிவ எண்ணெயும் நிரப்பி அனுப்பும் ஆம்போரா ஜாடி அது. விட்டாரா மனிதர்! மறுவருடமே, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து தோண்டினார்.

அவருக்குக் கிடைத்தவற்றில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும் இருந்தன. சிலவற்றின் அடியில் குயவரின் முத்திரைகூட இருந்தது. அந்த வகைத் தட்டு எந்தக் காலத்தில் ஏற்றுமதியானது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும்: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியோடு அது நின்றுபோயிற்று. ஆகவே அந்தத் துண்டு கிடந்த மண் அடுக்கின் காலமும் அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ச் சட்டிபானைகளின் காலமும் அப்படியே. அதுவரை தென்னிந்தியாவில் ஒரு பானை கிடைத்தால் அது எந்த நூற்றாண்டு என்று சொல்ல வழியே இல்லை. அரிக்கமேட்டில் ஒரு பிடி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு கர்நாடகத்தின் பிரம்மகிரி வரைக்கும் காலம் கணித்தார்கள். யாரோ ஒரு இத்தாலியக் குயவர் போட்ட முத்திரை நம்முடைய நாட்காட்டிக்கு முதல் தேதி கொடுத்த கதை இது. இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? எங்களைக் கேட்பதோ, ‘அரிக்கமேடு ______ வணிக நிலையம்’.

அந்தக் கோடிட்ட இடத்தில் ‘ரோமானிய’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. அதுவே முழு உண்மை இல்லை என்பதுதான் அடுத்த வேடிக்கை. வீலர் அப்படித்தான் நினைத்தார். ரோமானியர் வந்து உண்டாக்கிய வணிக நிலையம், அதற்கு முன் அங்கே சிறிய மீனவக் கிராமம் என்பது அவர் கணிப்பு. அவருடைய சான்றுகளில் ஒன்று, உட்புறத்தில் வட்டம் வட்டமாக நுண்ணிய பொறிப்புகள் ஓடும் ஒருவகை மெல்லிய தட்டு. ரூலெட்டட் மண்பாண்டம் என்பார்கள். அந்தப் பொறிப்பு நுட்பத்தைப் பார்த்து, இது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று முடிவு கட்டினார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்து தொழில் செய்திருக்கிறார்கள், வீலர் சொன்ன காலத்துக்குப் பின்னும் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த மெல்லிய தட்டும் இறக்குமதி இல்லை என்று ஆயிற்று. அதன் களிமண்ணை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தவர்கள் இந்தியத் துணைக்கண்டத்து மண்தான் என்கிறார்கள். வங்காளக் கழிமுகப் பக்கம் கைகாட்டுகிறவர்கள் உண்டு. ஆக, ரோமானியர் வந்து விளக்கேற்றிய இடம் அல்ல அரிக்கமேடு. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஊருக்கு அவர்களுடைய ஒயின் ஜாடி வந்து சேர்ந்தது. அந்த ஊரில் செய்த கண்ணாடி மணிகளைப் போன்றவை தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்கின்றன. உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, கூர்முனைகள் மழுங்கும்படி மறுபடி சூடேற்றிச் செய்தவை. செங்கல் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கடுகுக்குப் பெரியப்பா அளவில் இருக்கும். ஆந்திரத்தில் திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இதே முறையில் மணி செய்திருக்கிறார்கள்.

வீலர் இதோடு விடவில்லை. 1946-இல் ஹரப்பாவில் தோண்டினார். மொகஞ்சதாரோவில் தெருவிலும் வீட்டிலும் கிடைத்த சில பத்து எலும்புக்கூடுகளையும் சேர்த்துப் பார்த்து, ஆரியர் படையெடுப்பில் நடந்த படுகொலை என்று எழுதினார். அது வெகுகாலம் பாடப்புத்தகங்களில் ஓடியது. 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், அந்த எலும்புக்கூடுகள் ஒரே காலத்து அடுக்கைச் சேர்ந்தவையே இல்லை, படையெடுப்புக்கான ஆயுதமோ எரிந்த கோட்டையோ எங்கே என்று கேட்டார். எலும்புகளை ஆராய்ந்தவர்களுக்கும் ஒன்றிரண்டில் தவிர வெட்டுக்காயம் தென்படவில்லை. எனக்கு வீலரின் மேல் கோபம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அடுக்காக, எது எதன் மேல் கிடந்தது என்று குறித்துக்கொண்டு தோண்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் கற்றுக்கொடுத்த முறையை வைத்தே அவர் சொன்னதைத் திருத்தினார்கள். எங்கள் வகுப்பில் பெயர்களை மனப்பாடம் செய்கிறோமே, இந்த ஒரு பெயரை மட்டுமாவது இப்படி முழுதாகப் படித்திருந்தால் எவ்வளவு புரிந்திருக்கும்!

சிந்துவெளியின் காலம் தெரியவந்த கதையும் பெட்டிக்குள் போகும் சரக்குதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லாகூர்–முல்தான் ரயில்பாதைக்கு ஹரப்பாவின் செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டினார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவரான கன்னிங்காம் அங்கே கிடைத்த முத்திரை ஒன்றை 1875-இல் வெளியிட்டுவிட்டு, இது இந்தியப் பொருள் அல்ல, வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். 1921-இல் தயாராம் சஹானி ஹரப்பாவிலும், மறு ஆண்டு ஆர். டி. பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் தோண்டினார்கள். 1924 செப்டம்பர் 20 அன்று, அப்போது தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் லண்டன் வார இதழ் ஒன்றில் படங்களோடு அறிவித்தார். எவ்வளவு பழமை என்பது அப்போது அவருக்கே உறுதியாகத் தெரியாது. அடுத்த வார இதழில் சேஸ் என்ற அறிஞரின் கடிதம் வந்தது: இந்த முத்திரைகளை ஒத்த களிமண் பலகைகள் சூசாவில் கிடைத்திருக்கின்றன. ஒரு வாசகர் கடிதம், நாகரிகத்தின் வயதை ஒரே மூச்சில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டது. மெசபடோமியா ஒரு பாடம், சிந்துவெளி இன்னொரு பாடம் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். ஒன்று இல்லாமல் மற்றதற்கு வயதே தெரிந்திருக்காது என்பதைத் தேர்வு எங்கேயும் கேட்பதில்லை.

இதையெல்லாம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லிப் பார்த்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் டீச்சர் ஒரு நாள் வீட்டில் உடைந்துபோன மண்சட்டியின் துண்டுகளைத் துணிப்பையில் கொண்டுவந்தார். பெஞ்சுக்கு ஒரு துண்டு. இது என்ன, எதற்குப் பயன்பட்டது, எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள் என்றார். எங்கள் கைக்கு வந்தது விளிம்புத் துண்டு. உள்பக்கம் விரல் ஓடிய கோடுகள் சீராக இருந்தன. ஆகவே சக்கரத்தில் வனைந்தது. வெளிப்பக்கம் மட்டும் கரி. ஆகவே அடுப்பில் ஏறியது. பக்கத்துப் பெஞ்சின் துண்டில் அடிப்பாகம்தான் கறுத்திருந்தது, விளிம்போரம் கரியே இல்லை. விறகடுப்பா கேஸ் அடுப்பா என்று வாக்குவாதம் கிளம்பியது. டீச்சர் விளிம்பை ஒரு வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்து வளைவை வரையச் சொன்னார். அந்த வில்லைக் காம்பஸால் முழு வட்டமாக்கினால் சட்டியின் வாய் அகலம் வந்துவிட்டது. கணக்குப் பாடத்தில் நாணும் வில்லும் எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தி முகர்ந்து பார்த்து, மீன்குழம்புச் சட்டி என்று தீர்ப்புச் சொன்னாள். டீச்சர் மறுக்கவில்லை. வகுப்பே சத்தக்காடு. தலைமையாசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “டீச்சர், இது தேர்வுக்கு வருமா?”

டீச்சர் பொய் சொல்கிறவர் இல்லை. வராது என்றார். பாதிப்பேர் துண்டைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். அந்தப் பையை அதன்பின் அவர் கொண்டுவரவில்லை. பாடத்தை முடித்தாக வேண்டும், திருப்புதல் தேர்வு இருக்கிறது, தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது. கை உயர்த்திய பெண்ணையும் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு மதிப்பெண் வேண்டும். நானும் மதிப்பெண்ணுக்குத்தான் படிக்கிறேன். ஆகவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூலில் திருத்தம் என்று பெரிய பெரிய கோரிக்கைகள் என்னிடம் இல்லை. நீங்கள் கேட்டால் எல்லாரும் படிப்போம். பெட்டிச் செய்தியிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், மறுமாதமே நோட்ஸில் பெட்டி முளைத்துவிடும்.

இது ஏதோ ஆசைக்காக மட்டும் கேட்பது இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாட்ஸ்அப்பில் தமிழர் நாகரிகம் ஐம்பதாயிரம் ஆண்டு, ஒரு லட்சம் ஆண்டு என்று நாளுக்கு ஒரு செய்தி வருகிறது. மறுபக்கம், கீழடியில் என்ன பெரிதாக இருக்கிறது, நாலு பானைதானே என்று ஏளனம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வேண்டும்: எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமப் பொருளை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். அந்த ஆழத்தில் அந்தப் பொருள் எப்படி வந்தது, அதன் மேலும் கீழும் என்ன இருந்தது என்று கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தேதியின் பெருமை புரியும். பெருமை பேசுவதில் எனக்கு மறுப்பே இல்லை. செங்கடல் கரையில் எகிப்தின் குசேர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதே கரையில் தெற்கே பெரனிகேயில் இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இதைச் சொல்லும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. கையில் சான்று இருக்கும்போது குரலை உயர்த்த வேண்டிய தேவையே இருக்காது. நம் மாவட்டத்திலேயே சிப்காட் பக்கம் காரைக்காட்டில் அரிக்கமேட்டை ஒத்த பொருள்கள் கிடைத்தன, 2024-இல் மருங்கூரில் அகழாய்வு தொடங்கியது. இவை எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அரிக்கமேட்டுக்குப் போனவர்களும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். மாந்தோப்பும் பனையும்தான் கண்ணில் படும். நடுவே இடிந்த செங்கல் தூண்கள் நிற்கும். ரோமானியர் கட்டியது என்று சொல்லி அதன்முன் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். அவை பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். ரோமானியரின் சரக்கு காலடி மண்ணுக்குள் துண்டு துண்டாக இருந்தது. அதில் கொஞ்சத்தைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பள்ளிச் சுற்றுலா என்றால் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறோம். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சரி, என்ன கேள்வி கேட்கலாம்? ஒரு மண் அடுக்கின் படத்தைப் போடுங்கள். மேலே ஒரு நாணயம், நடுவில் ஒரு இத்தாலியத் தட்டுத் துண்டு, கீழே கறுப்பு சிவப்புப் பானை. எது முந்தியது, எப்படிச் சொல்கிறாய், இதை வைத்து எதைச் சொல்ல முடியாது? ஐந்து மதிப்பெண் போதும். அல்லது வீலர் சொன்னதையும் பெக்லி சொன்னதையும் இரண்டிரண்டு வரி கொடுத்து, யார் சொல்வது உனக்குச் சரி என்று படுகிறது, ஏன் என்று கேளுங்கள். ‘இதை வைத்து எதைச் சொல்ல முடியாது’ என்ற பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வருடப் படிப்பில் அந்தக் கேள்வியை யாரும் எங்களைக் கேட்பதில்லை.

விடைக்குறிப்பில் இதற்கு ஒரே விடை இருக்காது. காரணம் சரியாக இருந்தால் வெவ்வேறு விடைக்கும் மதிப்பெண் கொடுக்கச் சொல்லி எழுத வேண்டியிருக்கும். முக்கியச் சொல்லைத் தேடி அடிக்கோடிட்டுக் கொண்டே திருத்தப் பழகியவர்களுக்கு இது கூடுதல் வேலைதான். விடைத்தாள் திருத்தும் முகாமில் வெயிலில் உட்காரும் ஆசிரியர்கள் என்மேல் கோபப்படலாம். எங்கள் டீச்சரும் அங்கே போகிறவர்தான். அவரிடம் கேட்டேன், ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் கூட ஆகும், ஆகட்டுமே என்றார்.

அடுத்த ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறேன். அதற்குள் இது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வினாத்தாள் அமைப்பு மாறுவதற்குக் கமிட்டி, சுற்றறிக்கை எல்லாம் வேண்டும் என்பது தெரியும். என் தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. வருகிற ஜூனில் ஒன்பது போகிறான், பண்டைய நாகரிகங்கள் அவனுக்குக் காத்திருக்கிறது. அவனுடைய காலாண்டுத் தேர்விலாவது ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பிரிவு மாணவி ஒருத்தி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.